சேலம் கலர் மீன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் கடைகளில் கப்பியும் ஃபைட்டரும் வாங்கிப் பழகியவன் எழுதுகிறேன். இப்போது சில கடைகளில் ஆக்சலோட்டலும் (தவளைக்கு உறவான, வாலும் காலும் உள்ள நீர்வாழ் உயிர்) பேக்மேன் தவளையும் கிடைக்கின்றன. விற்கவே கூடாது என்று சண்டைக்கு வரவில்லை. விற்கும்போது சொல்கிற ஒரு பேச்சுதான் உறுத்துகிறது: "காட்டுல அழிஞ்சு போச்சு சார், நாம வளர்த்தாத்தான் இனம் தப்பிக்கும்."

ஆக்சலோட்டலையே எடுத்துக்கொள்வோம். மெக்சிகோவின் சோச்சிமில்கோ கால்வாய்கள்தான் அதன் ஊர். 1998இல் அங்கே சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன, 2014இல் 36. இதே காலத்தில் உலகமெங்கும் தொட்டிகளில் அது பெருகிக்கொண்டேதான் இருந்தது. கால்வாயில் கலந்த சாக்கடையையும், அங்கே கொண்டுவந்து விட்ட திலேப்பியாவையும் கெண்டையையும் நம் வீட்டுத் தொட்டி என்ன செய்துவிடும்? பனாமாவின் பொன் தவளை 2009க்குப் பிறகு காட்டில் தென்படவில்லை. அதை உயிரியல் பூங்காக்களில் தனி அறைகளில், வம்சாவளிக் கணக்கோடு வளர்க்கிறார்கள். காப்பாற்றுவது என்றால் அது. நாம் செய்வது வியாபாரம். அப்படியே சொல்லி விற்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அந்தப் பொன் தவளையை முடித்தது கைட்ரிட் என்ற பூஞ்சை. தவளை தோல் வழியாகத்தான் தண்ணீரையும் உப்பையும் எடுத்துக்கொள்கிறது. பூஞ்சை பிடித்தால் தோல் தடித்து, உடம்பில் உப்பு இறங்கி, இதயம் நின்றுவிடும். குறைந்தது 501 இனங்கள் இதனால் குறைந்தன, அதில் 90 அழிந்தே போயிருக்கும் என்றது 2019இல் வந்த ஓர் ஆய்வு. நாடு விட்டு நாடு பரவியதில் உயிருள்ள தவளை வியாபாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பார்க்கத் திடமாக இருக்கும் தவளையும் ஆக்சலோட்டலும்கூட நோயைச் சுமந்து வரும்.

இனி நம் ஊர்க் கதை. பூஞ்சைக்கு வெயில் ஆகாது. 17 முதல் 25 டிகிரிதான் தோது. சேலத்து வெயில் நம்மை ஓரளவு காப்பாற்றும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆக்சலோட்டலுக்கும் 20 டிகிரிக்கு மேல் போனால் சிரமம். மலையில் வீடு இருப்பவர்தான் "சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) செலவு மிச்சம்" என்று ஆசையாக வாங்குவார். தொட்டித் தண்ணீரை மாற்றும்போது எங்கே கொட்டுவார்? காபிச் செடி அடியில். ஒரு மழை பெய்தால் ஓடைக்கு வந்துவிடும். அந்த ஓரங்களில், தண்ணீருக்கு மேல் தொங்கும் கிளையில் மரத்தவளை சோப்பு நுரை போலக் கூடு கட்டி முட்டையிடும். நுரை இளகியதும் தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர்தான் இது.

திருத்திய வனவிலங்குச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆக்சலோட்டல், அரிய உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) பட்டியலில் உள்ள உயிர். வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். இதை வாங்குபவரிடம் சொல்லிவிட்டே விற்பனை செய்யுங்கள். எங்கே, யார் வளர்த்தது என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். எழுத முடியாத சரக்கை வாங்கவே வேண்டாம். தவளைத் தொட்டிக்கு வலையும் பக்கெட்டும் தனியாக இருக்கட்டும். கழிவுநீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்திருந்து, அப்புறம் கொட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். சலித்துப்போய் "வேண்டாம்" என்று கொண்டு வருபவரிடமிருந்து காசு கொடுக்காமலாவது திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கை விரித்தால் மூக்கனேரியிலோ ஏற்காட்டு ஏரியிலோ விட்டுவிட்டு, புண்ணியம் செய்த நினைப்பில் வீட்டுக்குப் போய்விடுவார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்