கண்ணாடி அலுமாரியின் சாவி: கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வலயத்திலும் மாகாணத்திலும் பொறுப்பிலுள்ள மதிப்பிற்குரிய கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். மே 16 ஒளித் தொழினுட்பக் கண்காட்சி பற்றிய உங்கள் சுற்றுநிருபம் கிடைத்தது, கண்காட்சியும் நடந்தது, படங்களும் கேட்ட நேரத்துக்கு வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். நாடா வெட்டும் படத்தில் உங்கள் தோளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு இரும்புக் கருவி தெரியும். அதற்கும் ஒரு மாலை போட்டிருந்தோம். முன்னால் "தொடாதீர்கள்" என்று அட்டை. அதுதான் எங்கள் பாடசாலையின் ஒரேயொரு திருசியமானி, ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் கருவி. மறுநாள் காலை அது திரும்பக் கண்ணாடி அலுமாரிக்குள் போனது, பூட்டும் விழுந்தது. அந்தப் பூட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பூட்டு ஏன் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். செயன்முறை வகுப்பில் ஓர் அரியம் (ஒளியைப் பிரிக்கும் முக்கோணக் கண்ணாடி) விழுந்து உடைந்ததற்கு ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் காசு பிடித்தீர்கள். அதற்குப் பிறகு எந்த அதிபர் சாவி தருவார்? எங்கள் அதிபரை நான் குறை சொல்லமாட்டேன். கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் பொருள் இருக்கிறதா என்று பார்த்துச் சரி போட்டுவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் அதைப் பாவித்தார்களா என்று கேட்கப் பொருட்பதிவேட்டில் நிரல் கிடையாது.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான். செயன்முறை வகுப்பில் மாணவர் கையில் கருவி பழுதுபட்டால் அந்தச் செலவு ஆசிரியரின் சம்பளத்திலோ அதிபரின் தலையிலோ விழாது என்று எழுத்தில் தாருங்கள்.

உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை. விடியற்காலை முதல் பஸ்ஸில் வருகிறவள். திருசியமானியின் செப்பஞ்செய்கைகள் அவளுக்கு மனப்பாடம்: முதலில் தொலைகாட்டியைத் தூரத்துப் பொருளொன்றுக்குக் குவிக்க வேண்டும், பிறகு ஒளியை உள்ளே விடும் குழாயான நேர்வரிசையாக்கியிலிருந்து சமாந்தரக் கதிர் வரச் செய்ய வேண்டும், பிறகு அரிய மேசையை மட்டமாக்க வேண்டும். கடந்தகால வினாத்தாளில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி எடுப்பாள். ஒருநாள் கேட்டாள், "சேர், மேசையை மட்டமாக்கேக்க அந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேணும்?" எந்த வழிகாட்டி நூலிலும் அதற்கு விடை இல்லை. கையால் திருப்பியவருக்குத்தான் தெரியும். நான் வாயால் விளக்கினேன், அவள் குறித்துக்கொண்டாள்.

இடைவேளையில் அவள் அலுமாரிக்கு முன்னால் தலையைச் சரித்து நின்று வேர்னியர் அளவிடையை வாசிப்பாள். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்று கண்ணாடிக்கு வெளியே நின்று பழகுகிறாள். நானும் ஒருமுறை பார்த்தேன், அவள் சொன்ன அளவு சரி. தவணை ஒன்று போய் அடுத்தது வந்தும் அதே அளவுதான். யாரும் திருப்பாத கருவியில் வேறு எப்படி இருக்கும்?

சுற்றுநிருபத்தின் தலைப்புப் பட்டியலைத் தயாரித்தவரை உண்மையாகவே பாராட்டுகிறேன். சிலிக்கன் போட்டோனிக்ஸ், நனோ வில்லைகள், நார் உணரிகள், குவாண்டம் தொடர்பாடல்: உலகம் இன்று வேலை செய்கிற இடங்கள்தான் அவை. தரவு மையங்களில் செம்புக் கம்பிகள் சூடாகி மின்சாரத்தைத் தின்பதால், தரவைக் கணினிச் சில்லுக்குப் பக்கத்திலேயே ஒளியாக மாற்றி அனுப்பப் பார்க்கிறார்கள். அந்தச் சில்லில் ஒளி ஓடும் வாய்க்காலின் அகலம் ஏறத்தாழ 450 முதல் 500 நனோமீற்றர், உயரம் 220 நனோமீற்றர் அளவு. 1550 நனோமீற்றர் அலைநீளத்தில் சிலிக்கனின் முறிவுச்சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற எண்) 3.48, சுற்றியுள்ள சிலிக்காக் கண்ணாடிக்கு 1.44 என்று கரும்பலகையில் எழுதி, எந்தக் கோணத்தைத் தாண்டினால் ஒளி வெளியேறாமல் முழுதும் உள்ளேயே தெறிக்கும் என்ற அவதிக் கோணத்தைக் கேட்டேன். நான் சோக்கை வைக்க முதலே 24.4 பாகை என்று விடை வந்துவிட்டது. அந்த முழுவுட்டெறிப்பு அவர்களுக்குத் தண்ணீர் பட்டபாடு. ஆனால் ஒரு சாதாரணக் கண்ணாடி அரியத்தின் முறிவுச்சுட்டியைத் தங்கள் கையால் அளந்த பிள்ளை அந்த வகுப்பில் இல்லை.

பட்டியலில் விடுபட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திருசியமானியையே நகத்தளவுச் சில்லுக்குள் சுருக்குவது இன்று சூடான ஆய்வுத்துறை. அரியமும் நீண்ட குழாயும் இல்லாமல், வேறுவேறு நிறத்துக்கு வேறுவேறு விதமாகப் பதிலளிக்கும் சிறு உணரிகளை அடுக்கி, அவை தரும் குறிகளிலிருந்து கணக்குப் போட்டு நிறமாலையை மீட்கிறார்கள். போனுக்குள் வைத்துப் பாலையும் மருந்தையும் தண்ணீரையும் சோதிக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. சிறுநீரக நோயால் கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகத்தோடு பார்க்கும் வவுனியாக் கிராமங்களுக்கு அது எப்போது வருமோ. சில்லுக்குள் போய்விட்டால் ஒரு வசதி, பூட்ட அலுமாரி தேவைப்படாது. லாச்சி போதும்.

சார்ள்ஸ் காவோவின் படத்தையும் ஒட்டச் சொல்லியிருந்தீர்கள், ஒட்டினோம். கண்ணாடியிலுள்ள மாசை நீக்கினால், கண்ணாடி நாரில் ஒளி போகும்போது ஏற்படும் இழப்பைக் கிலோமீற்றருக்கு 20 டெசிபெலுக்குக் கீழே (எண் குறையக் குறைய ஒளி மங்காமல் தூரம் போகும்) கொண்டுவரலாம் என்று 1966இல் சொன்னவர். சொன்னதோடு விடாமல் தூய சிலிக்காவை எடுத்து அளந்தும் காட்டினார். 1970இல் கோர்னிங் நிறுவனம் 17ஐத் தொட்டது. இன்று வீதியோரம் புதைக்கும் நாரில் அது 0.2 அளவு. கண்ணாடிக்குப் பதில் நடுவில் காற்றே இருக்கும் உட்குழிவு நாரில் 2025இல் 0.1க்கும் கீழே போய்விட்டார்கள். காவோவுக்கு நோபல் பரிசு அறிவித்தது 2009 ஒக்டோபரில். அந்த ஒக்டோபரில் எங்கள் சனத்தில் பெரும்பகுதி செட்டிகுளத்து முகாமில் முள்வேலிக்குள் இருந்தது.

அதைச் சொல்லும்போது திகதியையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1960 மே 16இல் தியோடர் மெய்மன் முதல் லேசரை இயக்கினார், அதனால் யுனெஸ்கோ அந்த நாளைச் சர்வதேச ஒளி நாளாக்கியது. அதில் எங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. முள்ளிவாய்க்கால் கிழமையில், வன்னிப் பாடசாலை ஒன்றில் பலூன் கட்டி நாடா வெட்டச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்தக் கிழமை இங்கே போரில் இறந்தவர்களை நினைத்துக் கஞ்சி காய்ச்சுகிற கிழமை. சில பிள்ளைகள் கண்காட்சிக்கு வரவில்லை. வராததற்குக் காரணம் எழுதி அனுப்பச் சொன்னீர்கள். எழுதவில்லை, இனியும் எழுதமாட்டேன். கண்காட்சியை ஜூனில் வைத்திருந்தால் மெய்மனின் லேசர் அணைந்து போயிருக்காது.

நார் உணரி பற்றிய சுவரொட்டிக்கு முன்னால் ஒரு பெடியன் நெடுநேரம் நின்றான். இந்தியாவின் வடகிழக்கு எல்லை ரயில்வே, தண்டவாளத்தோரம் போட்ட ஒளியியல் நாரைக் கொண்டே யானை வருவதை அறிகிறது. லேசர்த் துடிப்பை நாருக்குள் விட, நிலம் அதிரும் இடத்தில் சிதறித் திரும்பும் ஒளி மாறுகிறது. ஏ9 வீதியோரமும் நார் போகிறது. இவனுடைய தகப்பன் இரவில் வயலில் குடில் போட்டு, வெடி கொளுத்தி யானைக்குக் காவல் இருக்கிறார். "சேர், இது எங்கட பக்கம் ஏன் இல்லை?" என்றான். உங்களிடம் கேட்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். நீங்கள் அப்போது சிற்றுண்டியில் இருந்தீர்கள்.

சரி, மன்னிக்கவும். பேச வந்ததை விட்டுவிட்டு எங்கோ போகிறேன். காசு கேட்கவில்லை. சோடிய விளக்குக்குக் குமிழ் போய்விட்டது, அதைப் பழைய மாணவர்கள் வாங்கித் தருவார்கள், கேட்டு வைத்திருக்கிறேன். புதிய கட்டடமோ திறன் வகுப்பறையோ கேட்கவில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியற் பீடம் இருக்கிறது, வவுனியாவில் 2021இல் தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. அங்கே போகும் பிள்ளை ஒரு திருசியமானியை முதன்முதலாகத் தொடுவது இருபது வயது கடந்த பிறகாக இருக்க வேண்டாம் என்கிறோம். அதற்குத் தேவை உங்கள் கையொப்பத்தோடு ஒரு பக்கம்.

இந்த மடலுக்காக இடமாற்றம் வரும் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். வன்னிக்கு ஆசிரியர்களைத் தண்டனை இடமாற்றத்தில் அனுப்பும் வழக்கம் உங்களுடையது. இங்கேயே பிறந்து இங்கேயே படிப்பிக்கிற என்னை எங்கே அனுப்புவதாக உத்தேசம்?

அந்த வரி கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டது. பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். செயன்முறை வகுப்பில் ஏற்படும் உடைவுக்கு ஆசிரியரிடமிருந்து காசு அறவிடப்படாது என்ற உத்தரவை அடுத்த தவணை தொடங்க முன் எழுத்தில் அனுப்பிவையுங்கள். ஏற்கெனவே அறவிட்ட அரியத்தின் காசையும் அந்த ஆசிரியருக்குத் திருப்பிக் கொடுங்கள். தொலைபேசியில் "பாத்துச் செய்யுங்கோ" என்று சொல்வது போதாது, கணக்கெடுப்புக்கு வருகிறவருக்கு அதைக் காட்ட முடியாது.

நன்றி.

இப்படிக்கு,
உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
வன்னி.