கமிட் நேரத்தில், வவுச்சருக்கு ஒரே ஒரு சரிபார்ப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரவுத்தளத்தில் டிரிக்கர் (தரவு மாறும்போது தானாக ஓடும் சிறு நிரல்) வைத்தால் வேகம் குறையும், சரிபார்ப்பை எல்லாம் மென்பொருளிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று தங்கள் கணினிப் பக்கத்தில் யோசனை சொல்லப்பட்டிருந்தது. கணக்கு வழக்குக்கு இது ஆபத்தான யோசனை. அவசரத்துக்கு நேரடியாக எஸ்க்யூஎல் (தரவுத்தளக் கட்டளை மொழி) அடித்துத் திருத்துகிறவர்கள் எந்த அலுவலகத்திலும் இருப்பார்கள். மென்பொருளின் காவல் அவர்களைத் தடுக்காது. டிரிக்கர் மெதுவாவதற்குப் பெரும்பாலும் காரணம், அது தேவைக்கு மேல் பல தடவை ஓடுவதுதான். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் இதற்கு வழி உண்டு.

ரூ.10,000 சரக்குக் கொள்முதலுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் பற்று 10,000, சிஜிஎஸ்டி பற்று 900, எஸ்ஜிஎஸ்டி பற்று 900, வியாபாரி வரவு 11,800 என வவுச்சரில் நான்கு பதிவு வரிகள் (ரோ). முதல் வரி ஏறியதுமே பற்றும் வரவும் சமமா என்று பார்த்தால், சரியான வவுச்சர்கூடத் தள்ளுபடியாகிவிடும். அதனால்தான் நிபந்தனையைக் காக்கும் கன்ஸ்ட்ரெயின்ட் டிரிக்கரை 'டிஃபரபிள் இனிஷியலி டிஃபர்டு' என்று அறிவித்து, கமிட் (மாற்றங்களை உறுதிசெய்யும் கடைசிக் கட்டம்) வரை தள்ளிவைக்கிறோம்.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கன்ஸ்ட்ரெயின்ட் டிரிக்கரை 'ஃபார் ஈச் ரோ' (ஒவ்வொரு வரிக்கும்) என்றுதான் எழுத முடியும். 'ஃபார் ஈச் ஸ்டேட்மென்ட்' (ஒவ்வொரு கட்டளைக்கும்) செல்லாது. 500 வரி உள்ள சம்பள வவுச்சருக்குக் கமிட்டில் 500 தடவை ஓடும். ஒவ்வொரு தடவையும் 500 வரிகளைக் கூட்டினால் 2,50,000 வரி வாசிப்பு! காத்திருக்கும் டிரிக்கர் அழைப்புகள் நினைவகத்திலேயே தங்குவதால், லட்சக்கணக்கான வரிகளை, முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் ஒரே டிரான்சாக்‌ஷனில் ஏற்றும்போது அந்தச் சுமையும் சேர்கிறது.

இதற்கு ஒரு சின்னக் காத்திருப்பு வரிசை அட்டவணை போதும். அதில் வவுச்சர் எண் ஒன்றே நெடுவரிசை, அதுவே பிரைமரி கீ (இரு முறை வர முடியாத அடையாளம்). வவுச்சர் வரிகள் உள்ள அட்டவணையில், கட்டளைக்கு ஒரு தடவை ஓடும் ஸ்டேட்மென்ட் டிரிக்கர் வைத்து, அந்தக் கட்டளை மாற்றிய வரிகளைக் காட்டும் டிரான்சிஷன் டேபிளிலிருந்து வவுச்சர் எண்களை எடுத்து, 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' (ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு) போட்டு வரிசையில் சேர்க்க வேண்டும். டிரான்சிஷன் டேபிள் 10ஆம் பதிப்பிலிருந்து உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்தும் ஒரு டிரிக்கருக்கு ஒரு நிகழ்வுதான். எனவே இன்சர்ட் (சேர்த்தல்), அப்டேட் (மாற்றுதல்), டெலீட் (நீக்குதல்) மூன்றுக்கும் தனித்தனி டிரிக்கர் தேவை. அப்டேட்டில் பழைய எண், புதிய எண் இரண்டையும் சேர்க்க மறக்கக் கூடாது. தள்ளிவைத்த கன்ஸ்ட்ரெயின்ட் டிரிக்கர் இந்த வரிசை அட்டவணையில் இருக்கும். கமிட்டில் வவுச்சருக்கு ஒரு தடவை ஓடி, கூட்டிப் பார்த்து, தன் வரியை அழித்துவிடும்.

பிரைமரி கீயில் டிரான்சாக்‌ஷன் எண்ணையும் சேர்க்கச் சிலர் சொல்வார்கள். வேண்டாம் என்பேன். வவுச்சர் எண் மட்டும் இருந்தால், அதே வவுச்சரைத் தொடும் இரண்டாவது டிரான்சாக்‌ஷன் முதலாவது முடியும்வரை காத்திருக்கும். இயல்பான 'ரீட் கமிட்டட்' (பிறர் கமிட் செய்து முடித்ததைப் படிக்கும்) நிலையில், அதன் சரிபார்ப்பு முதலாவது சேர்த்த வரிகளையும் பார்த்துவிடும். இல்லாவிட்டால், டிரிக்கர் வைக்குமுன்பே சமமில்லாமல் ஏறிய பழைய வவுச்சரை இரண்டும் ஒரே நேரத்தில் திருத்தும்போது, இரண்டும் தனித்தனியே சரியாகத் தெரிந்து, சேர்ந்தபின் தவறாகும். டெட்லாக் (ஒன்றுக்காக மற்றொன்று காத்து இரண்டும் முடங்குவது) வராமலிருக்க வவுச்சர் எண்களை ஏறுவரிசையில் சேர்க்க வேண்டும்.

கூட்டலில் ஒரு பள்ளம் இருக்கிறது. வரவு வரியே இல்லாத வவுச்சரில் வரவுக் கூட்டுத்தொகை பூஜ்யமாக வராது, 'நல்' (NULL, மதிப்பே இல்லாத நிலை) என்று வரும். 10,000 <> நல் என்ற 'சமமில்லையா' ஒப்பீடும் 'நல்' என்றே முடிவதால் 'இஃப்' அதைக் கடந்துபோய், ஒருதலை வவுச்சர் ஓசையில்லாமல் ஏறிவிடும். நல்லையும் ஒரு மதிப்பைப் போல ஒப்பிடும் 'இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்' பயன்படுத்த வேண்டும், அல்லது 'கோலெஸ்' கொண்டு பூஜ்யமாக்க வேண்டும்.

மென்பொருள் எழுதுவோர் கவனத்துக்கு: பிழை இனி இன்சர்ட்டில் வராது, கமிட்டில் வரும். கமிட் வெற்றி என்று பதில் வருமுன் ரசீதோ குறுஞ்செய்தியோ அனுப்பக் கூடாது. பிழை வந்தால் மொத்த டிரான்சாக்‌ஷனும் ரத்தாகியிருக்கும். முதல் வரியிலிருந்து மறுபடி அனுப்ப வேண்டும்.

சோதனைகளிலும் இது ஏமாற்றும். ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் ரோல்பேக் (மாற்றங்களை ரத்துசெய்தல்) செய்யும் கட்டமைப்பில் கமிட்டே நடக்காது, ஆகவே டிரிக்கரும் ஓடாது. தவறான வவுச்சர்கூடத் தேறிவிடும். ரோல்பேக்குக்கு முன்னால் 'செட் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஆல் இம்மீடியட்' என்று ஒரு வரி கொடுத்தால், காத்திருப்பவை அங்கேயே ஓடிக் காட்டும்.

இப்படிக்கு,
தரவுத்தளப் பராமரிப்பாளர்,
மதுரை