தலைப்பிரட்டை என்றால் ஒரு லட்சம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததுமே கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

எகிப்துக்காரர்கள் எண்களை எப்படி எழுதினார்கள் என்று பேத்தி கேட்டாளாமே! லீவுக்கு வந்திருந்த பேரனுக்குப் போன மாதம் இதைத்தான் திண்ணையில் சாக்பீஸால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அப்படியே வரைந்து காட்டு.

ஒன்றுக்கு ஒரு கோடு, ஒன்பதுக்கு ஒன்பது கோடு. பத்து வந்தால் மாட்டின் காலில் போடும் தளை. கவிழ்த்த லாடம் மாதிரி இருக்கும். நூறுக்குச் சுருட்டிய கயிறு. ஆயிரத்துக்கு அல்லிப்பூ. பத்தாயிரத்துக்கு நுனி வளைந்த விரல். லட்சத்துக்குத் தலைப்பிரட்டை! நைல் வெள்ளம் வடிந்த குட்டைகளில் அவை மொய்ப்பதைப் பார்த்துத்தான் இது தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன். பத்து லட்சத்துக்கு, இரண்டு கைகளையும் உயர்த்தி உட்கார்ந்திருக்கும் ஹே என்ற தெய்வம்.

எத்தனை வேண்டுமோ அத்தனை முறை வரைய வேண்டியதுதான். முந்நூறு என்றால் மூன்று கயிறு. நம் பழைய தமிழ் எண்ணில் ௱ ஒன்றைப் போட்டு முன்னால் ௩ வைத்தால் முடிந்தது. அவர்கள் மூன்றையும் வரைந்தார்கள். பூஜ்ஜியம் தேவையே இல்லை. வலமிருந்து இடமாகவும் எழுதலாம், இடமிருந்து வலமாகவும் எழுதலாம்.

ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தில் நார்மர் என்ற பழைய எகிப்து அரசனின் கதாயுதத் தலை ஒன்று இருக்கிறது. வயது சுமார் ஐயாயிரம். அதில் ஆடுகளின் கணக்கு 14,22,000. பேரனையே வரையச் சொன்னேன். ஒரு ஹே, நாலு தலைப்பிரட்டை, இரண்டு விரல், இரண்டு அல்லி. ஒன்பதே படம்! அப்புறம் 999 எழுதச் சொன்னேன். ஒன்பது கயிறு, ஒன்பது தளை, ஒன்பது கோடு என்று 27 வரைந்து முடிப்பதற்குள் திண்ணை நிறைந்துவிட்டது. "சின்ன நம்பருக்கு ஏன் தாத்தா இவ்வளவு?" என்று கேட்டான் பார், அந்த ஒரு கேள்விக்காகவே சொல்லிக்கொடுக்கலாம். பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் தினமும் கணக்கெழுதிய எழுத்தர்களுக்கும் இதே அலுப்புதான் போலும்; ஒன்பது கோட்டுக்குப் பதில் ஒரே குறி என்று வேகமாக எழுதும் முறை ஒன்றை வைத்திருந்தார்கள்.

உறையின் பின்பக்கம் ஆறு தளையும் எட்டுக் கோடும் வரைந்திருக்கிறேன். நம் இருவர் வயதும் அதுதான். நீ சொல்லிவிடாதே, அவளே படிக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்