அரிட்டாபட்டிக்கு ஒரு திரை வேண்டும்

தமிழ்நாடு அரசின் தமிழ் வளர்ச்சி மற்றும் செய்தித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கிய ‘கூழாங்கல்’ திரைப்படம் 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மைப் பரிசான டைகர் விருதைப் பெற்றது. அதே ஆண்டில் இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் அனுப்பப்பட்டது. மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த அரிட்டாபட்டிப் பகுதியில் படமான அந்தக் கதை, 2023 அக்டோபரில் திரையரங்குகளைத் தொடாமல் நேராக ஓடிடிக்குப் போய்விட்டது. அந்த வட்டாரத்து மக்கள் தங்கள் மண்ணைத் திரையரங்கில் உட்கார்ந்து பார்க்க வழியில்லாமல் போனதைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை அழைத்துவர, பள்ளியிலிருந்த மகனையும் இழுத்துக்கொண்டு கிளம்பும் ஒரு குடிகாரக் கணவன், திரும்பும் வழியில் பேருந்துக்குக் காசின்றி மகனோடு கொளுத்தும் வெயிலில் நடக்கிறான். கதை இவ்வளவுதான். இயக்குநரின் சகோதரி கைக்குழந்தையுடன் 13 கிலோமீட்டர் நடந்தே பிறந்த வீடு திரும்ப நேர்ந்த நிகழ்விலிருந்து பிறந்த படம் இது. அந்த வெயிலில் இம்முறை ஓர் ஆண்மகனை நடக்க வைத்துப் பார்க்கிறார் இயக்குநர் என்றே எனக்குத் தோன்றுகிறது. வறுமையைப் பற்றி யாரும் வசனம் பேசுவதில்லை. ஒரு குடும்பம் எலி பிடித்துச் சுட்டுத் தின்கிறது. குழியில் ஊறும் தண்ணீரைப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் குடத்தை நிரப்புகிறார்கள், கேமராவும் அவர்களோடு பொறுமையாகக் காத்திருக்கிறது. பரந்த வெளியையும் நீண்ட மௌனத்தையும் நம்பி எடுத்த இக்காட்சிகள் கைப்பேசித் திரையில் பாதி உயிரை இழந்துவிடுகின்றன.

நயன்தாரா, விக்னேஷ் சிவன் ஆகியோரின் நிறுவனம் தயாரித்த படத்துக்கே இந்த நிலை என்றால், கடன் வாங்கிப் படமெடுக்கும் அறிமுக இயக்குநரின் கதியைத் தாங்களே ஊகிக்கலாம். திரையரங்கு உரிமையாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மின்கட்டணமும் சம்பளமும் அவர்களுக்கும் உண்டு. ஆகவேதான் அரசிடம் கேட்கிறேன்.

அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிடும் திட்டத்தை இவ்வரசு இயந்திரமே 2022 முதல் நடத்திக் காட்டியிருக்கிறது. அதே முறையில், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் முதலாக, மாவட்டந்தோறும் அரசு அரங்கொன்றில் பெரிய நிறுவனங்களைச் சாராத சுயாதீனத் தமிழ்ப்படம் ஒன்றையேனும் மாதந்தோறும் குறைந்த கட்டணத்தில் திரையிட ஆணையிடுங்கள். தயாரிப்பாளருக்கு உரிய திரையிடல் தொகையைத் தாமதமின்றி வழங்குங்கள். இலவசமாகத் தரும்படி அவர்களைக் கேட்க வேண்டாம். முதல் காட்சி ‘கூழாங்கல்’ ஆக இருக்கட்டும், அன்று அரிட்டாபட்டியிலிருந்து மதுரைக்கு ஒரு பேருந்தையும் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு திரைப்பட ரசிகன்