எறவாரத்து டம்ளர்

அம்மிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று நீ சொன்னால்தான் தெரியும். வாட்ஸப்பில் நீ "ம்" போடுகிறாய், நான் கட்டைவிரலைப் போடுகிறேன், இதைப் பேச்சு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாலு ராத்திரி டைப் செய்து டைப் செய்து அழித்தேன். கடைசியில் உன் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டில் மிச்சமிருந்த தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்கத்தில் உன் வாத்தியார் சிவப்பு மையில் "நன்று" என்று போட்டிருக்கிறார், அதற்குப் பின்பக்கம்தான் இது.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி பதினொரு மணிக்கு எதையாவது ஆர்டர் செய்து தின்காதே. செவலை கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. தென்னையில் வெள்ளை ஈ இந்த வருசமும் விடவில்லை, ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி இருக்கிறது, காயும் சிறுத்துவிட்டது. அப்பாவுக்கு சுகர் பரவாயில்லை. வேறு சங்கதி ஒன்றும் இல்லை.

வைகாசியில் கும்பாபிஷேகத்தன்று பந்தலில் வைத்து நீ கேட்டதை இன்னும் ஊரில் பேசுகிறார்கள். "அப்பா, சாமி பந்தி பார்க்குமா?" அவ்வளவுதான் நீ கேட்டது. ஆனால் திருப்பணிக் குழுவில் மூன்று வருசம் வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்த மனுசனிடம், அவர் பங்காளிகள் பத்துப் பேர் நிற்கும்போது, மைக் செட் நின்றிருந்த நேரம் பார்த்துக் கேட்டாய். காலனி ஜனத்துக்குப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடலாம், கூட்டம் நெரியும் என்று குழுவில் பேசி முடிவு செய்திருந்தார்கள். அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. நீ ராத்திரி பஸ் ஏறிப் போய்விட்டாய், போய் இறங்கி ஒரே ஒரு கேள்வி அனுப்பினாய், மனுசங்க நெசமாவே நல்லவங்களா, இல்ல நல்லவங்க மாதிரி நடிக்கிறாங்களா அம்மா என்று. அப்புறம் இந்த நாற்பது நாளாக "ம்".

பெரியவர்களை நாலு பேர் முன்னால் கேட்கக்கூடாது. இதை நான் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டது தப்பு என்று சொல்லவில்லை, கேட்ட இடம் தப்பு. (இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். வேறு எந்த இடத்தில் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும் என்று எனக்கும் தெரியவில்லை.)

பெரிய மாமனையும் நீ விட்டுவைக்கவில்லை. கோபுரத்துக்கு அவர் கொடுத்த பணம் சாயத்தண்ணியை நொய்யலில் விட்ட பணம் என்றாய். அதை என்னிடம் சொல்ல வேண்டுமா கண்ணு? நான் பிறந்த ஊர் அது. ஒரத்துப்பாளையம் அணையை 1992ல் பாசனத்துக்கென்று கட்டி முடித்தார்கள், அடுத்த வருசம் எனக்குக் கல்யாணம், சீக்கிரமே அதில் நின்றது திருப்பூர்ச் சாயம். அணையைத் திறந்துவிடாதீங்க என்று விவசாயிகளே மன்றாடின அணை அது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. 2011 தை மாதம் கோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது மாமன் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து அழுதார், கிருத்திகை தவறாமல் சிவன்மலை ஏறினார், அவர் பட்டறைத் தண்ணீர் போன வழியில் இருந்த கிணறுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் உன் காலேஜ் ஹாஸ்டல் பணத்தை நாலு வருசமும் கட்டினது அவர்தான், அவரே கடனில் இருந்தபோது. அவரை நல்லவர் என்பாயா, கெட்டவர் என்பாயா? அந்தப் பணம் எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று நானும் கேட்கவில்லை. உனக்குப் பதினேழு வயசு, உன்னைச் சொல்லவில்லை.

நீ படித்தவள், உன்னை நினைத்து எனக்குப் பெருமைதான், அன்றைக்குப் பந்தலில்கூட வயிறு பதறினபோதே உள்ளே எங்கோ பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நீ இதையெல்லாம் சாமி கும்பிடுகிறவர்களின் வேசம் என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் அப்பாரு, அப்பாவைப் பெற்றவர், சாமி கும்பிடாதவர். ஈரோட்டில் கூட்டம் என்றால் கருப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளிலேயே போய்விடுவார். கோயிலுக்குள்ளேகூட இல்லை, கோயிலைச் சுற்றின தெருவில் எல்லோரும் நடக்கவேண்டும் என்று 1924ல் பெரியார் வைக்கத்துக்குப் போய் ஜெயிலில் இருந்தாரே, அதைத் தானே கூடப் போய் வந்த மாதிரி சொல்வார். சொல்லிக்கொண்டே காபி குடிப்பார், வீட்டு டம்ளரில். நம்ம கட்டுத்தறியில் சாணி அள்ளினவருக்கு எறவாரத்து டம்ளர். அதை ஒரு நாளும் அப்பாரு கண் பார்த்ததில்லை.

அந்த டம்ளர் உனக்கு ஞாபகம் இருக்கும். மாட்டுக்கொட்டாய் எறவாரத்தில், ஓட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் இடையில் கவிழ்த்துச் சொருகியிருக்கும். எவர்சில்வர்தான், ஒரு பக்கம் ஒடுங்கி, வாய் கோணி, அடியில் உன் அப்பத்தா பெயர் வெட்டியிருக்கும். சாணி அள்ளினவரே எடுத்து, அவரே கழுவி, நீட்டிப் பிடிப்பார், நான் மேலேயிருந்து ஊற்றுவேன். குடித்து முடித்து அவரே கழுவிச் சொருகிவிட்டுப் போவார். நீ ஒன்பது வயதில் ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்து அதை எடுத்து குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தாய், நான் ஓடிவந்து கன்னத்தில் அறைந்தேன். அந்த அறையை நீ மறந்திருக்க மாட்டாய். திண்ணையில் அப்பத்தாவோடு இரண்டு ஒரம்பரை உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இல்லாதிருந்தால் கை ஓங்கியிருக்கவே மாட்டேன்.

இதைத்தான் உன் கேள்விக்குப் பதிலாகச் சொல்ல நினைத்தேன், சொல்ல வரவில்லை. வேசம் என்றால் நாலு பேர் முன்னால் யோக்கியமாக இருந்துவிட்டு மறைவில் தப்புச் செய்வது என்பார்கள். நம்ம வீட்டில் அது தலைகீழ். யாரும் இல்லாதபோது நான் நல்லவளாக இருந்தேன். அப்பத்தா சந்தைக்குப் போன நாளில் அவருக்கு வீட்டு டம்ளரில் காபி கொடுத்திருக்கிறேன், இரண்டு பேரும் கொட்டாயில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே குடித்திருக்கிறோம். வாசலில் மொபெட் சத்தம் கேட்டதும் நான் வீட்டுக்குள், டம்ளரும் வீட்டுக்குள். அவரும் ஒன்றும் சொல்லாமல் சாணிக்கூடையை எடுத்துக்கொள்வார். நான் நாலு பேருக்குப் பயந்தேன். அந்த நாலு பேரும் தனித்தனியாக இருக்கும்போது என்னை மாதிரியே நடந்துகொண்டிருப்பார்களோ என்று இப்போது யோசிக்கிறேன்.

"அவர்" என்று எழுதிக்கொண்டு வருகிறேன், கவனித்தாயா? கை வரமாட்டேன் என்கிறது, மூன்று இடத்தில் "அவள்" என்று எழுதி அடித்திருக்கிறேன், தாளைப் பார்த்தால் தெரியும். என் அம்மா வயசு அவருக்கு. வா, போ என்று கூப்பிட உனக்கும் நான்தானே பழக்கினேன். இரண்டு எழுத்தில் கூப்பிட்டோமே, அவர் முழுப்பெயர் எனக்குத் தெரிந்தது ஆதார் அட்டை வாங்கினபோதுதான், இருபது வருசம் நம்ம சாணியை அள்ளினதற்கு அப்புறம். அவர் நம்மைக் கூப்பிட்டது சாமி என்று. ரேசன் அரிசி தீர்ந்துபோச்சுங்க சாமி, மாடு கத்துதுங்க சாமி. சிவன்மலையில் உத்தரவுப் பெட்டி இருக்கிறதே, பக்தர் கனவில் ஆண்டவர் வந்து சொன்ன பொருளைக் கண்ணாடிக்குள் வைப்பார்களே, சுனாமிக்கு முன்னால் தண்ணீர் வைத்தார்கள் என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். மண், துப்பாக்கி எல்லாம் வைத்திருக்கிறார்கள். கட்டுத்தறி டம்ளரைக் கொண்டுவந்து வை என்று யார் கனவிலும் ஆண்டவர் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இன்னொன்று இருக்கிறது. அப்பாவுக்கும் தெரியாது.

உனக்குப் பதினொரு மாசம். தைப்பூசத்துக்கு அப்பா, அப்பத்தா, பங்காளிகள் எல்லோரும் பழநிக்கு நடைபயணம் போய்விட்டார்கள், தோட்டத்தில் நானும் நீயும்தான், துணைக்குக் கொட்டாயில் அவர் படுத்திருந்தார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உனக்குக் காய்ச்சல் ஏறி வெட்டு வந்துவிட்டது. கண் மேலே சொருகி, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு விறைத்துப் போனாய். நான் கத்தின சத்தத்தில் அவர் வந்து என் கையிலிருந்து உன்னைப் பிடுங்கி, ஒருக்களித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டார். செருப்பில்லை. இட்டேரியில் மூன்று கிலோமீட்டர், வேலிமுள், நான் பின்னால் அழுதுகொண்டே ஓடுகிறேன். ரோட்டில் நடுவில் நின்று ஒரு தேங்காய் லாரியை மறித்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், இவங்க யாருங்க என்று கேட்டார். குழந்தையோட அப்பத்தாங்க என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் அதுதான் வந்தது. ஊசி போட்டு நீ தூங்கினதும் வராந்தாவில் அவர் மடியில் தலையை வைத்து நானும் தூங்கிவிட்டேன். என் தலையைக் கோதிவிட்டுக்கொண்டே இருந்தார், சாணி வாசமும் வெற்றிலை வாசமும் அடித்தது.

காலையில் பழநியிலிருந்து எல்லோரும் வேன் பிடித்து வந்து சேர்ந்தார்கள். சாமி காப்பாத்திட்டான் என்று அப்பத்தா அழுதுவிட்டு பஞ்சாமிர்த டப்பாவை என் கையில் கொடுத்து எல்லோருக்கும் கொடு என்றார். எல்லோருக்கும் கையில் வைத்தேன். அவர் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டிருந்தார், காலில் முள் ஏறி வீங்கியிருந்தது. கையை ஏந்தினார். நான் கரண்டியை ஒரு முழம் மேலே தூக்கிப் பிடித்து விட்டேன். பாதி கையில், பாதி மண்ணில். ராத்திரி அந்தக் கையில்தானே நீ கிடந்தாய். யாரும் எனக்கு அப்படிக் கொடு என்று சொல்லவில்லை அம்மிணி, அப்பத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானாகவே தூக்கினேன். அவர் மண்ணில் விழுந்ததை விட்டுவிட்டுக் கையில் இருந்ததை நக்கிவிட்டு, நல்லா இருக்குதுங்க சாமி என்றார்.

மேலே நாலு பேருக்குப் பயந்தேன் என்று எழுதினேனே, அதை முழுக்க நம்பாதே.

அப்பத்தா போய் ஒன்பது வருசம் ஆகிவிட்டது. அந்த டம்ளரைக் கொரோனா சமயத்தில் நான்தான் பழைய சாமான்காரனுக்குப் போட்டேன், அன்றிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குப் பேப்பர் கப். கேட்டால் சுத்தம் என்கிறோம். நீ போன தடவை அந்தப் பேப்பர் கப் கட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை, நான் அவசரமாக முறுக்குத் தட்டை எடுத்து வைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். முழங்கால் வலி, இரண்டு வருசமாக வேலைக்கு வருவதில்லை. கல்யாணம் ஆகி இங்கே வந்து முப்பத்திரண்டு வருசத்தில் காலனிக்குள் போனது இதுதான் முதல் தடவை, நம்ம தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரம். பாய் விரித்தார். உன்னைக் கேட்டார், பாப்பா எப்படிங்க சாமி இருக்குது என்று. காபி வைக்கிறேன் என்று எழுந்தார், வேண்டாம் என்று சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன், அதையே ஒரு பெரிய காரியமாக நினைத்துக்கொண்டு. பேரனை அழைத்துக் காதில் ஏதோ சொல்லிக் கடைக்கு அனுப்பினார். அவன் ஓடிப்போய் ஒரு புதுப் பேப்பர் கப் வாங்கிக்கொண்டு வந்தான். எனக்கு. அலமாரியில் அவர் வீட்டு டம்ளர்கள் பளபளவென்று கவிழ்த்திருந்தன. அதில் ஒன்றில் கொடுங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. பேப்பர் கப்பிலேயே குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்பாவிடம் இதையெல்லாம் காட்டாதே. அவர் இப்போது பந்தலைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறார், ஆனால் ராத்திரி உன் பழைய போட்டோவை போனில் பெரிதாக்கிப் பார்க்கிறார், நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு. நேரத்துக்குச் சாப்பிடு. வண்டியில் போகும்போது ஹெல்மெட் போடு.

ஆடி பதினெட்டுக்கு வருவாயா? தை மாதம் வந்திருந்தபோது உன் போனில் திரும்பத் திரும்ப வந்த பெயரை நான் பார்த்தேன், கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. வருவதாக இருந்தால் எத்தனை பேர் என்று மட்டும் முதல் நாளே சொல்லிவிடு, இட்லிக்கு அரிசி ஊறப்போட வேண்டும்.

அம்மா