பால் திரிந்த காலை

அன்புள்ள (பெயரைப் பிறகு எழுதுகிறேன்),

நீ புறப்பட்டுப் போய் நாற்பது நாளாகிறது. நலம்தானே? இரவில் தனியாக வீடு திரும்பாதே.

இன்று காலை அடுப்படியிலிருந்து உன் அம்மா, "பால் திரிந்துவிட்டது" என்றாள். சொன்ன வேகத்தில் வாயை மூடிக்கொண்டாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன். அதன்பிறகு மதியம்வரை வீட்டில் பேச்சில்லை.

திரிதல் வேறு, கெடுதல் வேறு. மரமும் வேரும் சேர்ந்தால் மகரம் கெட்டு மரவேர். பொன்னும் குடமும் சேர்ந்தால் னகரம் திரிந்து பொற்குடம். பொன் எங்கும் போய்விடவில்லை. இரண்டையும் குழப்புகிறவர்களுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. நீ ஒருநாளும் குழப்பியதில்லை, அதை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறேன். ஆனாலும் இவ்வளவு பெரிய செய்தியை அப்பாவுக்கு மூன்று வரியிலா அனுப்புவது?

தொல்காப்பியத்தை எடுத்தேன். அதில் கிளவியாக்கம் என்ற இயல்: "ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி ஆண்மை அறிசொற்கு ஆகிடன் இன்றே." ஆண்தன்மை திரிந்து பெண்ணானவரை 'வந்தான்' என்று முடிக்க இடமே இல்லை. வைத்திருப்பதும் உயர்திணையில். 31 ஆண்டு இதை நடத்தியிருக்கிறேன். 'பேடி வந்தாள்' என்று கரும்பலகையில் எழுதுவேன், கடைசி வரிசை சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்த வகுப்பில் ஒரு வருடம் நீயும் உட்கார்ந்திருந்தாய்.

கடிதம் என்பதால் தப்பித்தேன். 'நீ வந்தாய்' என்றால் விகுதி ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை.

அன்று மாமாவிடம் தொலைபேசியில், "அது இனி இங்கே வராது" என்றேன். நீ வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். வாய் தவறிவிட்டது என்று சொல்லலாம். தமிழாசிரியன் சொன்னால் யார் நம்புவார்கள்? அஃறிணை என்று தெரிந்தேதான் சொன்னேன்.

நேற்று மாமா மறுபடி, "எப்போது வருகிறான்?" என்றார். "வருவார்" என்றேன். பெற்ற பிள்ளைக்கு ஆர் விகுதி! உள்ளேயிருந்து உன் அம்மா, "வருவாள் என்று சொல்லுங்களேன்" என்றாள். அவளுக்கு வந்துவிட்டது. எனக்கு இன்னும் நாக்கு புரளவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. மருத்துவர் சொல்லாமல் எந்த ஊசியும் போட்டுக்கொள்ளாதே. இரவில் தனியாக வராதே. இதை முன்பெல்லாம் உனக்குச் சொல்லத் தோன்றியதில்லை.

அந்த மூன்று வரியில் இருந்த பெயரின் முதல் எழுத்து குறிலா, நெடிலா? அவசரத்தில் தட்டியிருக்கிறாய், இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது. சரியானதைச் சொன்னால் மேலே நிரப்பிவிடுவேன்.

அப்பா