டோங்காரிரோவில் இறங்கும் மகளுக்கு

அன்புள்ள சுமதிக்கு,

மெல்போர்னிலிருந்து நியூசிலாந்துக்கு டிரவுட் மீன் பிடிக்கும் போட்டிக்குப் போகிறாய் என்று சித்தி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சரி, போகட்டும். நீ ஆற்றில் நின்று தூண்டில் வீசுகிற படத்தைக் கடைவீதியில் பார்த்தவர்களிடமெல்லாம் காட்டிவிட்டேன். அவலாஞ்சி மீன் குஞ்சுப் பொரிப்பகத்துத் தொட்டியை எட்டி எட்டிப் பார்த்த பெண் இன்று போட்டிக்கே போகிறாள் என்றால் சும்மாவா?

ஆனால் அந்தத் தண்ணீரை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. நீ இறங்கப்போகும் டோங்காரிரோ ஆற்றில், மேலே ரங்கிப்போ அணையும் மின் நிலையமும் இருக்கின்றன. குந்தா நீர்மின் திட்டத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவன் சொல்கிறேன், அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் வானத்தைப் பார்த்து இறங்கக் கூடாது. நீ நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மழை பெய்து மதகு திறந்திருக்கும். முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வர அதிக நேரம் ஆகாது. தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, முள்ளில் மீன் இருந்தாலும் விட்டுவிட்டுக் கரையேறு.

மார்புவரை போடும் ரப்பர் உடுப்பின் மேல் பெல்ட்டை இறுக்கிக் கட்டு. தவறி விழுந்தால் தண்ணீர் உள்ளே நிறையக் கூடாது. கம்பளி அடி வைத்த பூட்ஸ்தான் பாசிக் கல்லில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் 2004இல் தெற்குத் தீவில் டிடிமோ பாசி வந்த பிறகு, அது ஈரக் கம்பளியில் ஒட்டிப் பரவாமல் இருக்க 2008இல் அந்த நாட்டில் கம்பளி அடியைத் தடை செய்துவிட்டார்கள். நியாயம்தான். நீ ஆணி பதித்த ரப்பர் பூட்ஸ் போடு, கையில் ஊன்றுகோல் வைத்துக்கொள். பூட்ஸை மண் இல்லாமல் கழுவிக் காயவைத்துவிட்டு விமானம் ஏறு. பெல்ட்டை மறக்காதே.

சீட்டுக் குலுக்கி ஆற்றில் ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள், ஒரு சுற்று மூன்று மணி நேரம், பிடித்த மீனை அளந்துவிட்டு ஆற்றிலேயே விட வேண்டும் என்றெல்லாம் சித்தி சொன்னாள். எதிர்முள் இல்லாத தூண்டில் என்பது நல்ல ஏற்பாடு. கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொடு, பொரிப்பகத்தில் உனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான்.

கூடவே நடுவர் ஒருவர் நிற்பார், பயமில்லை என்றாயாம். அவர் மீனை அளந்து எழுத வருபவர், சுமதி. அவருடைய கண் அளவுகோலில்தான் இருக்கும். உன்னையே பார்த்துக்கொண்டு கரையில் ஒருவர் வேண்டாமா? ஆக்லாந்தில் இறங்கி அத்தனை தூரம் கார் ஓட்டப் போவது யார்? போன் பண்ணும்போதெல்லாம் மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறார் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமையும் வேலை போலிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

பெரியப்பா வீட்டு விஷயம் நிறைய இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன். ஜெயித்தாலும் தோற்றாலும் அன்று ராத்திரியே போன் பண்ணு, எந்நேரமானாலும் எடுப்பேன்.

அம்மா பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள். நியூசிலாந்துக்குக் கொண்டுபோனால் படிவத்தில் மறைக்காமல் எழுது, அங்கே சோதனை கடுமை. மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்று காரம் கூட்டித் தனியாகவும் கொஞ்சம் அரைத்தாள். ஒரு பொட்டலம் அனுப்பவா, இரண்டு அனுப்பவா என்று கேட்கிறாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீயே எழுது.

அப்பா